மலர்க்கொடியின் சைக்கிள் ஏன் கனத்தது

சைக்கிள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பஞ்சர் ஒட்டவும் சக்கரத்தின் கோட்டம் எடுக்கவும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். நல்லா இருங்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு புகாரைப் பற்றி. பஞ்சர் என்று வருகிறவரின் டியூப்பில் ஓட்டை இருக்கும். செயின் அறுந்துவிட்டது என்று வருகிறவரின் கையில் அறுந்த செயின் தொங்கும். ஆனால் ஒருவர் வந்து ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, "என்னமோ தெரியல, மிதிக்க மிதிக்க ஓட மாட்டேங்குது, கனமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் பாருங்கள், அங்கேதான் நம் சாமர்த்தியம் தெரியும்.

ஏனென்றால் கனம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. காற்று குறைந்தாலும் கனக்கும். பிரேக் கட்டை ரிம்மை உரசினாலும் கனக்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற கோன் இறுகிப்போனாலும் கனக்கும். மணமேல்குடிப் பக்கம் மீன் கூடை கட்டிக்கொண்டு போகிறவர்களின் சைக்கிளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் செயின் துருவேறிக் கனக்கும். எதிர்காற்றில் வந்தவருக்குக் கனக்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவருக்கு இன்னும் கூடுதலாகக் கனக்கும். சிரிக்காதீர்கள், அப்படிப்பட்ட சைக்கிளுக்கு நான் ஆயில் விட்டு அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டியவர் வாயைத் திறந்தால் வசவுதான். ஒரு பொம்பளை ஸ்பேனர் பிடிப்பதா என்று ஊர் சிரித்தபோது ஊரையும் வைதார், ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்ததற்கு என்னையும் வைதார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சைக்கிள் கனக்கிறது என்று யார் வந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வருவார். லேடீஸ் சைக்கிள் என்றாலும் கூச்சப்பட மாட்டார். "அவுகளுக்கு எங்க நோகுதோ அங்க ஒனக்கும் நோகணும். அப்பறமாத் தொடு" என்பார். அறந்தாங்கியில் நான் தனியாகக் கடை போட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை. வசவையும் விடவில்லை என்று என் பழைய வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள்.

மலர்க்கொடி என் கடைக்கு வந்தது நான் கடையை விடுவதற்குச் சற்று முன்பு. முப்பது வயது இருக்கும். கட்டுமாவடி ரோட்டில் ஊருக்கு வெளியே ஒரு தையல் கம்பெனியில் வேலை. கம்பெனி என்பது பெரிய பேர்தான். ஒரு நீளக் கொட்டகையில் வரிசையாக மெஷின்கள். ஒருத்தி காலர் தைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள், அவள் கை வைத்து அதற்கடுத்தவளிடம் தள்ளுவாள். நடுவில் ஒருத்தி வராவிட்டால் வரிசையே நிற்கும். அதனால் காலையில் மணி அடித்த பிறகு நுழைகிறவளை அங்கே யாரும் சிரித்த முகத்தோடு பார்க்க மாட்டார்கள்.

"அக்கா, ரெண்டு தடவ லேட்டாப் போயிட்டேன். இன்னொரு தடவ லேட்டானா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னுட்டாக" என்றாள். "அதே பாதைதான், அதே நேரத்துக்குத்தான் கெளம்புறேன். சைக்கிள்தான் நகர மாட்டேங்குது."

அவள் சொல்லும்போதே கண் கடைக் கடிகாரத்தில் இருந்தது. நான் ஏறி ஓட்டிப் பார்த்தேன். ஆத்தாடி, அது சைக்கிளா, செக்கா! இரண்டு பிரேக்கும் ரிம்மைக் கடித்துக்கொண்டிருந்தன. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் அரைச் சுற்றில் நின்றது. பிரேக்கைத் தளர்த்தி, கோனை இளக்கி, காய்ந்துகிடந்த செயினுக்கு ஆயில் விட்டு அனுப்பினேன். தெரு முனையில் திரும்பும்போது கையை ஆட்டிவிட்டுப் போனாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு நாளில் திரும்பி வந்து நின்றாள். அதே கனம். மறுபடி கோன், மறுபடி பிரேக். என் கை வேலையிலா கோளாறு என்று எனக்குச் சுருக்கென்றது. பழைய கோன் தேய்ந்து பிடிக்கிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கோனைச் சுற்றி உருள்கிற பால்ஸ் குண்டுகள் எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். முகம் வியர்வையில் நனைந்திருந்தது. கண்ணும் நனைந்திருந்தது என்பது பக்கத்தில் போனதும்தான் தெரிந்தது.

"எனக்குத்தான்க்கா ஒடம்புக்கு என்னமோ வந்துருச்சு. சைக்கிள் மேல பழியப் போட்டுக்கிட்டுத் திரியிறேன்" என்றாள்.

"அடி போடி இவளே! ஒடம்பப் பாக்க டாக்டர் இருக்காக. சைக்கிளப் பாக்க நான் இருக்கேன். மொதல்ல நான் தோக்குறேனான்னு பாரு, அப்பறமா அங்கிட்டுப் போ" என்று அதட்டிவிட்டு, அவளை உள்ளே உட்காரச் சொல்லிச் சைக்கிளில் ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மணியை அடித்தேன். மணி "டக்" என்றது. இன்னொரு தடவை அடித்தேன். மறுபடி "டக்". கதவைத் தட்டினாற்போல ஒரு சத்தம். ஆடு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிப் பார்த்தால் மணியின் மூடியை அது ஆடவே முடியாதபடி யாரோ முறுக்கி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மட்கார்டு, கேரியர், சீட், முன் கூடை, எதையும் அசைக்க முடியவில்லை. செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

பிள்ளைகளே, ஓடுகிற சைக்கிளில் நட்டு இளகும். அதுதான் உலக வழக்கம். மணியும் மட்கார்டும் கேரியரும் ஒரே வாரத்தில் தாமாக இறுகிக்கொள்ளாது. நான் மூன்று முறையும் சைக்கிளைத்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். ஆளைக் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பி வந்து கேட்டேன். "ஏத்தா, ஒன் சைக்கிள வீட்டுல யாரு தொடுறா?"

"யாரு தொடப் போறாக்கா? எங்க வீட்டுக்காரவுக மட்டும்தான் சாயங்காலம் செத்த நேரம் பாத்துக் குடுக்குறாக."

"என்னத்தப் பாக்குறாக?"

"கனமா இருக்குன்னு சொன்னேன். அதான் ஒக்காந்து எல்லாத்தையும் டைட் பண்ணிக் குடுக்குறாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சாயங்காலம் ஒரு வைத்தியர் இறுக்குகிறார், காலையில் இன்னொரு வைத்தியர் இளக்குகிறார், நடுவில் நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டு மிதிக்கிறாள். முதன்முதலில் அந்தச் சைக்கிள் கனத்தது வெறும் செயின் காய்ந்ததால்தான். ஒரு சொட்டு ஆயிலில் முடிந்திருக்க வேண்டிய காரியம். இவள் கனமாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அவர் இன்னும் இறுக்கியிருக்கிறார். அவர் இறுக்க இறுக்க இவளுக்கு இன்னும் கனத்திருக்கிறது.

அவள் கணவர் முத்தையா வெளிநாட்டில் சாரம் கட்டுகிறவர். நம் ஊரில் சவுக்குக் கம்பையும் கயிற்றையும் வைத்துக் கட்டுவோமே, அதே வேலைதான். அங்கே இரும்புக் குழாயும் அதைப் பூட்டுகிற கிளாம்பும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரமும். லீவில் வந்திருந்தார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த மலர்க்கொடி, நான் சிரித்தது ஏன் என்று புரிந்ததும் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதனாலதான் கனக்குதுன்னு சத்தியமாத் தெரியாதுக்கா. அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"ஏன்? அடிப்பாரா?"

"சேச்சே. ஒரு அதட்டல் போட மாட்டாக. அதில்லக்கா." தரையைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று சொன்னாள். "கல்யாணம் ஆனதுலருந்து நாங்க சேந்து இருந்தது லீவு நாள் மட்டுந்தான். போன்ல கூப்ட்டா, சாப்ட்டியான்னு கேப்பாக. சாப்ட்டேம்பேன். அப்பறம்னு கேப்பாக. ஒண்ணுமில்லேம்பேன். வச்சுருவோம். நேர்ல வந்தாலும் அதே கததான். வந்த மறுநாளே கதவுக் கீலு, ஃபேன், தண்ணிக் கொழாய் எல்லாத்தையும் டைட் பண்ணி முடிச்சாக. அதுக்கப்பறம் மோட்டு வளையப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாக. நான் ஒருநா வாய் தவறி, சைக்கிள் கனமா இருக்குன்னேன் பாருங்க, அன்னைக்குத்தான் மொகத்துல ஒரு களையே வந்துச்சு. நான் டார்ச்சு புடிப்பேன். அவுக ஸ்பேனரு போடுவாக. அந்நேரந்தான்க்கா எங்கிட்டப் பேசுறாக. அங்க ரூம்ல எத்தன பேரு படுப்பாக, யாரு சமைப்பா, வெயில்ல இரும்பு எப்புடிச் சுடும், எல்லாம் இப்பத்தான் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பிளைட்டு. அதுவரைக்கும் விட்ருங்களேன். நான் காலையில இங்கிட்டு வந்து லூஸ் பண்ணிக்கிட்டுப் போயிர்றேன்."

நான் வாயாடி என்பது அறந்தாங்கிக்கே தெரியும். அன்றைக்கு வாய்க்கு முன்னால் கைதான் நீண்டது. அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் கிரீஸ், அதனால் சும்மா நின்றேன்.

அவள் கேட்டது சின்ன விஷயம். ஆனால் என் கையில் இருந்த சக்கரம் வேறு ஒன்று சொல்லிற்று. கழற்றிப் பார்த்தால், போன வாரம் நான் புதிதாகப் போட்ட பால்ஸ் பொடிந்து கிடந்தது. கோனின் முகத்தில் குழி விழுந்திருந்தது. இதே நிலையில் இன்னும் சில நாள் ஓடினால், அவள் வருகிற வழியில் இருக்கிற கண்மாய்க் கரை இறக்கத்தில் வேகமாக வரும்போது முன்சக்கரம் திடீரென்று பிடித்துக்கொள்ளும். முன்சக்கரம் பிடித்தால் ஓட்டுகிறவர் தலைக்கு மேலாகப் போய் விழுவார். அந்த இறக்கத்தில் எதிரே பஸ் வரும். காலையில் நான் இளக்கிவிடலாம்தான். சாயங்காலம் அவள் கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு அவர் இறுக்குவார். மறுநாள் அவள் என் கடைக்கு வந்து சேர்வதற்கும் அந்த இறக்கத்தில்தானே வரவேண்டும்?

சொன்னால், ஊரை விட்டுப் போகப்போகிற மனிதர் பெண்டாட்டிக்கு ஆசையாகச் செய்த ஒரே காரியமும் தப்பு என்ற எண்ணத்தோடு விமானம் ஏறுவார். சொல்லாவிட்டால் இவள் உயிருக்கு நான் பொறுப்பு. சைக்கிளைக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் இவள் நடந்து போய் வேலையை இழப்பாள், சாயங்காலப் பேச்சையும் இழப்பாள். இதைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம் என்றால் கடிகாரம் விடவில்லை. கம்பெனி மணிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சுவரில் சாய்த்திருந்த என் சொந்தச் சைக்கிளை எடுத்து அவளிடம் தள்ளினேன். "நீ இதுல கெளம்பு. ஒன் சைக்கிள் இங்க இருக்கட்டும். சாயங்காலம் ஒன் வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வா. சக்கரம் மாட்ட எனக்கு ஒரு ஆள் வேணும்."

"சொல்ல மாட்டீகள்ல?"

"நான் ஒத்த வார்த்த சொல்ல மாட்டேன், போ."

நானாகச் சொல்லக் கூடாது, அவருக்கு அவராகவே தெரிய வேண்டும். இவ்வளவுதான் அப்போது என் மனதில் இருந்தது. எப்படி என்று அவள் போன பிறகுதான் யோசித்தேன்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். முத்தையா நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம், கை ஒவ்வொன்றும் உலக்கை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "வந்துட்டோம்க்கா" என்று கூச்சத்தோடு நின்றார். சட்டைப் பைக்குள் சொந்த ஸ்பேனர் கொண்டுவந்திருந்தார். எனக்கு அதைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது, பிரியமாகவும் இருந்தது.

"தம்பி, எம் மணிக்கட்டு முன்ன மாதிரி இல்ல. புதுக் கோனு, புதுப் பால்ஸு போட்டு வச்சுட்டேன். ஒங்க கையால மாட்டிக் குடுங்க" என்றேன்.

மனிதர் குத்த வைத்து உட்கார்ந்தார். மலர்க்கொடி, கடையில் டியூப் லைட் பளிச்சென்று எரிகிறபோதே, தன் செல்போன் டார்ச்சை எடுத்துப் பிடித்தாள். நான் எதையோ தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார். மெதுவான குரல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். அங்கே ஒருமுறை மணல் காற்று அடித்ததும், எல்லாரும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதும், அப்போது இவள் ஞாபகம் வந்ததும். அதைச் சொல்லி முடித்தபோது அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. அவள் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நேரத்துக்காகத்தானே அந்தப் பெண் அந்தச் செக்கை இன்னும் மிதிக்கத் துணிந்தாள் என்று எனக்கு நெஞ்சு கனிந்துபோயிற்று.

சக்கரத்தை மாட்டி முடித்தார். வழக்கம் போல இம்மி அசையாமல் இறுக்கிவிட்டு, திருப்தியாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டிப் பாக்காம எந்த வண்டியையும் நான் வெளிய விடுறதில்ல தம்பி. கண்மாய்க் கர வரைக்கும் போயிட்டு வாங்க. எறக்கம் வேணாம், ஏத்தத்து அடி வரைக்கும் போயிட்டுத் திரும்பிருங்க."

"நானா? லேடீஸ் சைக்கிளாச்சேக்கா."

"ஏறுனா கீழ தள்ளிராது. போங்க."

போனார். மலர்க்கொடி என்னைப் பார்த்து, "சொல்ல மாட்டேன்னு சொன்னீக!" என்றாள். "நான் எங்கடி சொன்னேன்?" என்று கேட்டேன். இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகு நேரமாயிற்று. நடந்தே போய்வந்தாலும் ஆகிற நேரத்துக்கு மேல் ஆனபோது எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. கடைசியில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இதையா தெனமும் மிதிச்சுக்கிட்டுப் போன?"

அவள் முந்தானையால் அவர் முகத்து வியர்வையைத் துடைக்கப் போனாள்.

"ஏன் மலரு சொல்லல?"

"சொன்னேனே. கனமா இருக்குன்னு சொன்னேனே."

அவர் இறங்கி, சைக்கிளை மெதுவாக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, என் கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு கிளாம்பு லூசா இருந்துச்சுன்னா, மேல நிக்கிற ஆளு கீழ வந்துருவான்க்கா" என்றார் என்னிடம். "எங்கூட இருந்த பய ஒருத்தன்…" அதை முடிக்கவில்லை. "அதுலருந்து எதப் பாத்தாலும் கை டைட் பண்ணத்தான் போகுது. இவளத் தனியா விட்டுட்டுப் போறேன். வீட்டுல எதையும் லூசா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதான்க்கா…" என்று சொல்லும்போதே அந்தப் பெரிய உடம்பு குலுங்கிற்று. மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் என் கடைத் தரையில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் இப்படி உட்கார்ந்ததில்லை.

"தம்பி, ஒங்க வேலையில எல்லாம் நிக்கணும். அதுக்கு இறுக்கணும். இது சுத்துற சாமான். சுத்துறதுக்குக் கொஞ்சம் எடம் விடணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லி அவர் விரலைப் பிடித்துக் கோன் மேல் வைத்தேன். "முடிஞ்ச மட்டும் இறுக்கிட்டு, அதுலருந்து கொஞ்சூண்டு பின்னால வாங்க. இன்னும் கொஞ்சூண்டு. போதும், அந்த எடத்துல நிப்பாட்டி மேல் நட்ட மட்டும் இறுக்குங்க."

செய்தார். கெட்டிக்காரக் கை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று விட்டார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கிற வரைக்கும் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரேக்கையும் செயினையும் அவரே இளக்கினார். மணியையும் இளக்கி, ஒருதரம் அடித்துப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிமே நான் இதத் தொடவே மாட்டேன்க்கா. காலையில ஒங்ககிட்டயே வந்து பாத்துக்கிரட்டும்" என்றார்.

மலர்க்கொடியின் முகம் விழுந்துவிட்டது. இதற்குத்தான் அவள் பயந்தாள். சைக்கிள் சரியாகிவிட்டது, அவளுக்கு எல்லாம் போயிற்று. நான் வாயைத் திறக்கலாமா என்று யோசிக்கும் முன்பே அவள் வெடித்துவிட்டாள்.

"அப்ப சாயங்காலமெல்லாம் என்ன செய்வீக? திரும்பவும் மோட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பீகளா? நான் ஒருத்தி வீட்டுல இருக்கேன். எங்கிட்டப் பேசணும்னா ஒரு நட்டு வேணுமா ஒங்களுக்கு?"

நான் மூலையில் கிடந்த பழைய டயர்களை எண்ணுகிற பாவனையில் இருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் மெக்கானிக்குக்கு அங்கே வேலை கிடையாது, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

முத்தையா தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "காலையில ஒங்கூட வரட்டுமா?"

"எங்கிட்டு?"

"கம்பெனி வரைக்கும். இந்தச் சைக்கிள்ல."

"நீங்க ஓட்டிக்கிட்டா?"

"நீ ஓட்டு. நான் பின்னாடி ஒக்காந்து வாரேன். ஒம் பாதைய நான் ஒருநாகூடப் பாத்ததில்ல மலரு."

மறுநாள் காலையில் அறந்தாங்கிக் கடைத்தெரு ஒரு காட்சி பார்த்தது. ஒரு ஒல்லிப் பெண் முன்னால் எம்பி எம்பி மிதிக்கிறாள். பின்னால் கேரியரில் பனைமரம் மாதிரி ஒரு ஆள், கால் தரையில் உரசாமல் இருக்க முழங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, அவள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறார். டீக்கடையில் நின்றவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன மாப்ள, டிரைவர் போட்டுப் போற போல!"

"ஆமா மாமா, விசா இல்லாமலே ஏத்திக்கிட்டுப் போறாக!" என்று அவர் சத்தமாகப் பதில் சொன்னார். மோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மலர்க்கொடி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, அதனாலேயே இன்னும் வேகமாக மிதித்தாள். நேரத்தோடு கிளம்பினார்கள், அதனால் அவள் ஒருநாளும் தாமதமாகவில்லை. வேலையும் நிலைத்தது. அவளைக் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு அவர் அவ்வளவு தூரமும் நடந்தே திரும்புவார். "பஸ்ல வரலாமே தம்பி" என்றால், "நடந்தாத்தான்க்கா எல்லாம் தெரியுது" என்பார். லீவு முடிகிற வரைக்கும் இது நடந்தது. பிறகு ஒருநாள் அவர் விமானம் ஏறிப் போய்விட்டார்.

பிள்ளைகளே, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். சைக்கிள் கனக்கிறது என்று யாராவது வந்தால், காற்றைப் பார்ப்பதற்கு முன்பு, "கடைசியா இதத் தொட்டது யாரு?" என்று கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் கேட்காதீர்கள். வீட்டு ஆள் கை வைத்த சைக்கிள் நம் கடைக்கு வரும்போது, "எந்தப் புண்ணியவான் இதக் கெடுத்தது?" என்று கேட்பது நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம், அதைக் கேட்டுச் சிரிப்பது அதைவிடக் கெட்ட பழக்கம். தப்பாக இறுக்கிய நட்டு என்றாலும், அதை ஒருவர் குனிந்து உட்கார்ந்து இறுக்கியிருக்கிறார். யாருக்காக என்று தெரிந்துகொண்டு பிறகு இளக்குங்கள்.

அவர் வெளிநாட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் மலர்க்கொடி காற்று அடிக்க வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். குனிந்து பம்ப்பை மாட்டினேன். அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சாப்பிட்டதாக ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், இனி வைத்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஆமாங்க, அந்த நாய் குட்டி போட்டுருச்சு!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "நாலு… இல்ல இல்ல, மரக்கடைக்கு உள்ள இல்ல, வெளிய அந்தச் சிமெண்டுக் கொழாய் கெடக்குல்ல, அதுக்குள்ள… ம், நீங்க சொன்ன மாதிரியேதான், ஒண்ணு மட்டும் கறுப்பு… இன்னும் கண்ணு தொறக்கல. நான் தெனமும் நின்னு பாத்துட்டுத்தான் போறேன்… இருங்க, சொல்றேன்…"

எந்த நாய், எந்த மரக்கடை, எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பாதையில் போகிற இரண்டு பேருக்குத்தான் தெரியும். டயரில் காற்று எப்போதோ நிறைந்துவிட்டது. நான் பம்ப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் பேசி முடிக்கட்டும் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.